வீட்டுப் பின்மேட்டுக்கு சைப்பிரஸா, வெட்டிவேரா?

கேள்வி: பண்டாரவளைப் பக்கம் தோட்டத்தில் 7 பேர்ச் காணியில் வீடு கட்டியிருக்கிறோம். பின்னால் 30 அடி நீளத்துக்கு மேடு. மழை பெய்தால் மண் கரைந்து குசினிச் சுவர் வரை வருகிறது. சைப்பிரஸ் கன்று நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும் என்கிறார் நாற்று விற்பவர். வெட்டிவேர் போதும் என்கிறார் மாமா. புல்லுக்குப் போய்க் காசு கொடுப்பதா?

பதில்: கொடுங்கள். மாமா சொல்வதுதான் சரி.

சைப்பிரஸ் நல்ல மரம். காற்றுத் தடுப்பாக, வீட்டுக்குத் தள்ளி, சமதரையில் நிற்கட்டும். அது 60 அடிக்கு மேலும் வளரும். வேரோ பெரும்பாலும் மேல்மண்ணில்தான் பரவும். ஊறிப்போன சரிவில் பலத்த காற்று அடித்தால் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு உங்கள் கூரையில் விழும். அதன் அடர்ந்த நிழலில் புல் பூண்டும் சரியாக வராது.

வெட்டிவேரின் வேர் பக்கத்தில் ஓடாமல் நேரே கீழே இறங்கும், நல்ல மண்ணில் 2, 3 மீட்டர் வரை. நெருக்கி நட்டால் தூர்கள் வேலி போல நின்று மண்ணை மறித்து, தண்ணீரை மெல்ல விடும். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் போட்டு மண்ணைத் தேற்றுவதைத் தோட்டத்தில் பார்த்திருப்பீர்களே.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். மானாப்புல்லும் பார்வைக்குக் கிட்டத்தட்ட இதே போலத்தான் இருக்கும். இலையைக் கசக்குங்கள்: மானாவில் வாசம் தூக்கும், வெட்டிவேரில் வாசம் வேரில்தான். சிங்களத்தில் சவந்தரா என்று கேளுங்கள். வேர் காயாத தூர்களை வாங்கி, இரண்டு மூன்று தண்டாகப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, சரிவுக்குக் குறுக்கே அரை அடிக்கு ஒன்றாக நடுங்கள். உங்கள் மேட்டுக்கு ஒரு வரிசைக்கு 60 போதும். கையில் காசு குறைவென்றால் பத்துத் தூர் வாங்கி முற்றத்தில் பெருக்குங்கள். வெயில் கட்டாயம் வேண்டும், நிழலில் தேறாது. குளிர் கூடிய இடத்தில் மெதுவாகத்தான் வளரும். மேட்டுக்கு மேலே கான் வெட்டித் தண்ணீரை ஒதுக்க மறக்காதீர்கள். வாசனைக்காக வேரைத் தோண்டினால் நட்டதே வீண்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். வெட்டிவேர் மேல்மண் கரைவதைத்தான் தடுக்கும். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்தில் நடந்த மண்சரிவு போல மலையே இறங்கினால் புல்லும் தாங்காது, மரமும் தாங்காது. நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரம் சாய்தல், திடீரென்று கலங்கிய ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் நாற்று வாங்குவதை விட்டுவிட்டு, பிள்ளைகளோடு வேறு இடத்துக்குப் போங்கள். கிராம சேவகர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்த்த பிறகு வீட்டுக்குத் திரும்புங்கள்.