ஒன்பது வாரமாக 72 கிலோ

கேள்வி: மேடம், எனக்கு வயது 46, உயரம் 155 செ.மீ. பள்ளி ஆசிரியை. தை மாதம் 81 கிலோ இருந்தேன். சுகர் பார்டரில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் பயந்துபோய், தினமும் காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்க ஆரம்பித்தேன். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாதம், ராத்திரி இரண்டு சப்பாத்தி. ஸ்வீட், பஜ்ஜி எல்லாம் அடியோடு நிறுத்தியாச்சு. காபியை மட்டும் விட முடியவில்லை. முதல் மாதமே 4 கிலோ குறைந்தது. ஆனி முடிவதற்குள் 72. அதோடு சரி. ஒன்பது வாரமாக 72, 72.4, 71.8, மறுபடி 72! தைராய்டு பார்த்தாச்சு, நார்மல். மாமியார் "போதும்மா, முகமே வத்திப் போச்சு" என்கிறார். கூட வேலை பார்ப்பவர் ராத்திரி சாப்பாட்டையே நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தட்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வேண்டாம். ராத்திரி சாப்பாட்டை நிறுத்தியவர்களைத் திருச்சியில் 22 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் ஜோராகப் போகும். பதினோராம் நாள் சாயங்காலம் யாரோ ஒரு மிக்சர் பாக்கெட்டைப் பிரிப்பார்கள். அதற்கப்புறம் நடப்பதை அவர்கள் என்னிடம் சொல்லவே மாட்டார்கள், வீட்டுக்காரர்தான் சொல்வார்.

முதலில் அந்த 4 கிலோவைப் பற்றி. அது முழுக்கக் கொழுப்பு இல்லை. நம் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அந்தக் கையிருப்புதான். கூடவே தண்ணீரும் போய்விடும். முதல் மாத வேகத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய வேகத்தைத் திட்டுவது நியாயமில்லை.

சரி, இப்போது ஏன் நின்றது? 1990-இல் வந்த மிஃப்லின் சூத்திரம் என்று ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் தினமும் புழங்குவது. அதன்படி 81 கிலோவில் உங்கள் உடம்பு சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு சுமார் 1390 கலோரி செலவழித்தது. 72-இல் அது 1300. நடக்கும்போது சுமக்கிற பாரமும் 9 கிலோ குறைந்துவிட்டது, அதனால் அதே குளம், அதே முக்கால் மணி நேரம், ஆனால் செலவு கம்மி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் போட்ட கணக்குப்படி, ஒரு கிலோ குறைந்தால் நாள் செலவு 20 முதல் 30 கலோரி இறங்குகிறது. பசியோ 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. ஒன்பது கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள். செலவில் மட்டும் கிட்டத்தட்ட 200 கலோரி போயாச்சு. தை மாதம் உங்களை இளைக்க வைத்த அதே சாப்பாடு, இப்போது 72 கிலோவைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

பசி ஏறுகிற விஷயம்தான் தந்திரமானது. அது வயிற்றைக் கிள்ளிக்கொண்டு வராது, கரண்டி வழியாக வரும். தை மாதம் தட்டி அளந்த ஒரு கப் சாதம் ஆவணியில் குவியலாகும், நமக்கே தெரியாது. 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. 1200 கலோரிக்குக் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். மெட்டபாலிசம் நார்மல். ஆனால் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. என் கதையைக் கேளுங்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 68 கிலோவில் பதினோரு வாரம் நின்றேன். ஊருக்கெல்லாம் டயட் சார்ட் எழுதிக் கொடுக்கிறவள்! வெட்கத்தோடு ஒரு வாரம் வாயில் போனதையெல்லாம் எழுதினேன். குக்கரில் ஒட்டிய சாதத்தை வீணாக்க மனம் வராமல் வழித்துத் தின்றது, உப்பு பார்க்கிறேன் என்று மூன்று கரண்டி பொரியல், பையன் மிச்சம் வைத்த அரை தோசை. ஒரு நாளைக்கு 250 கலோரி தேறியது. இதில் எதையும் நான் 'சாப்பாடு' என்று எண்ணியதே இல்லை.

உங்களிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றே ஒன்று: உங்கள் வீட்டில் மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் ஆகிறது? கடிதத்தில் இட்லி எண்ணிக்கை இருக்கிறது, எண்ணெய் இல்லை. யாருமே எழுத மாட்டார்கள். மூன்று பேர் உள்ள வீட்டில் 4 லிட்டர் ஆகிறது என்று வையுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 360. அதை 2 லிட்டராக்கினால் 180 மிச்சம். மேலே நாம் தொலைத்த 200 கிட்டத்தட்ட திரும்பி வந்துவிட்டதே! பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை விட்டுவிட்டு ஸ்பூனால் ஊற்றுங்கள். தாளிக்க ஒரு டீஸ்பூன் போதும், கடுகு வெடிக்க எண்ணெய்க் குளம் தேவையில்லை. இட்லிப் பொடியில் குழைக்கிற நல்லெண்ணெயும் கணக்கில் உண்டு.

கும்பகோணத்துக்காரரிடம் காபியை விடச் சொல்கிற தைரியம் எனக்கில்லை. ஆனால் 100 மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் சுமார் 100 கலோரி. மூன்று டம்ளர் குடித்தால் 300. சர்க்கரையைப் பாதியாக்குங்கள், மூன்றாவது டம்ளரை மறந்துவிடுங்கள்.

அடுத்தது புரதம். நீங்கள் எழுதிய பட்டியலில் 40 கிராம்கூடத் தேறாது என்று தோன்றுகிறது. உங்கள் எடைக்கு 60 கிராமாவது வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். மாமியார் சொல்கிற 'வத்திப் போச்சு' அதுவாகவும் இருக்கலாம், அவரை அலட்சியப்படுத்தாதீர்கள். காலையில் ஓர் இட்லியைக் குறைத்து இரண்டு முட்டை (12 கிராம்), சாயங்காலம் ஒரு கப் சுண்டல், சாம்பாரில் மேலே நிற்கும் தண்ணீரைத் தவிர்த்து அடியில் இருக்கும் பருப்பை அள்ளுங்கள். நடையோடு வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. ஜிம் வேண்டாம்.

எடையைத் தினமும் பார்த்தால் வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் தண்ணீரே ஒரு கிலோ ஏற்றிவிடும். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமும் அதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று. 2002-இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்று இலக்கு வைத்த குழுவினரில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. நீங்கள் ஏற்கெனவே 11 சதவீதம் குறைத்துவிட்டீர்கள். போய் ஹெச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அது இறங்கியிருந்தால், 72-இல் தீபாவளி வரை நின்றாலும் நான் கவலைப்பட மாட்டேன். எண்ணெய்க் கணக்கை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: எடை குறைவது நின்றுவிட்டது. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதால் தினமும் கொள்ளு ரசம் குடிக்கிறேன். பலன் தெரியுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ரசத்துக்கு வேகவைத்த தண்ணீரை எடுத்துக்கொண்டு கொள்ளை என்ன செய்கிறீர்கள்? மாட்டுக்குப் போடுகிறீர்கள் என்றால் பலன் மாட்டுக்குத்தான். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் வரை புரதம், நல்ல நார்ச்சத்து. சுண்டலாகச் சாப்பிட்டால் வயிறு நிறையும், அடுத்த வேளைச் சோறு தானாகக் குறையும். கொழுப்பைக் கரைக்கிற மந்திரமெல்லாம் அதில் இல்லை. ரசம் ருசிக்குக் குடியுங்கள்.

கேள்வி: வயது 29. ஜிம் போக ஆரம்பித்து இரண்டு மாதம். எடை 84-லிருந்து அசையவில்லை. ஆனால் பேன்ட் லூசாகிறது. மிஷின் கெட்டுப்போச்சா?
– வாசகர், ஓசூர்

பதில்: மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. தசை கூடிக் கொழுப்பு குறைந்தால் இப்படி ஆகும். பத்து ரூபாய்க்குத் தையல் டேப் வாங்கித் தொப்புள் பக்கம் இடுப்பை அளங்கள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். புதுப் பேன்ட் இப்போதே வாங்காதீர்கள்.