டிசம்பரில் வேண்டாம் அண்ணன்

டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளோடு இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலிருந்து அறுகம்பை வரை பாய்ப்படகில் போகலாமா, இரவுக்கு மட்டக்களப்பு வாவிக்குள் நுழைந்து தங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து டிசம்பரில் இறங்காதீர்கள். அது வாடைக்காலம், அதாவது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும். எங்கள் ஊர் மீனவர்களே பல நாட்கள் தோணியைக் கரையேற்றி வைத்துவிடுவார்கள்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் இந்தப் பக்கம் நல்ல காலம். அப்போதும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றைக் கவனியுங்கள். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் பாய் கிழிந்தாலோ என்ஜின் நின்றாலோ அதே காற்று உங்களை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும்.

இரவில் தங்க, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை நம்பவே வேண்டாம். மழைவெள்ளத்தில் திறக்கும் வாய், வெயில் காலத்தில் மணல் மூடிக் கிடக்கும். பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள், மணல் திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைவது தெரியும். வழியில் உள்ள ஒலுவில் துறைமுக வாயிலிலும் மணல் பிரச்சினைதான்.

100 கிலோமீட்டருக்கு மேல் திறந்த கரை, நடுவில் ஒதுங்க நல்ல குடா கிடையாது. பிள்ளைகளோடு முதல் பயணம் என்றால் கல்குடா, பாசிக்குடாவுக்குள் பகலில் மட்டும் ஓட்டுங்கள். அறுகம்பைக்கு பஸ்ஸில் போகலாம்.