மெல்போர்னில் யூனிட்டில் வசிக்கிறோம். பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்ற கிரேஹவுண்ட் நாயைத் தத்தெடுக்கலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பவை: இரண்டு படுக்கையறை வாடகை யூனிட், பின்னால் சின்னதாக ஒரு முற்றம், ஆறு வயது மகள், ஒரு பூனை. வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை. ஊரில் அப்பா சிப்பிப்பாறை வளர்த்தவர், அந்த நாய்க்குத் தோட்டம் முழுக்க ஓட இடமிருந்தது, அதே மாதிரி நாயை இங்கே நாலு சுவருக்குள் வைத்திருப்பது பாவமில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எடுக்கலாம். மெல்போர்னில் சில ஆண்டுகளாக கிரேஹவுண்டுகளைத் தற்காலிகமாக வீட்டில் வைத்திருந்து, பழக்கி, நிரந்தர வீடு கிடைத்ததும் அனுப்பிவைக்கிற வேலையைச் செய்து வருகிறேன். அப்படி வந்தவர்களில் இரண்டு பேர் எங்களுடனேயே தங்கிவிட்டார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், இடம் போதாது என்ற கவலையை முதலில் விடுங்கள். பந்தய கிரேஹவுண்ட் நாளெல்லாம் ஓடுகிற நாய் அல்ல. இங்குள்ள சேண்டவுன் பார்க் பந்தயத் திடலில் ஒரு பந்தயம் 515 மீட்டர், முப்பது விநாடிக்குள் முடிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்துவிட்டு, மீதி நேரமெல்லாம் படுத்திருக்கும் உடம்பு அது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி நடை, நடுவில் மெத்தென்ற படுக்கை. இது இருந்தால் உங்கள் யூனிட் தாராளம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நாய்க்கு வீடு என்றால் என்னவென்றே தெரியாது. பிறந்ததிலிருந்து பண்ணையிலும் கென்னல் என்கிற நாய்க் கொட்டடியிலும் வளர்ந்தது. ஒன்றரை வயது வாக்கில் பந்தயத்துக்கு வந்து, நாலைந்து வயதில் வேகம் குறைந்தாலோ கால் முறிந்தாலோ வெளியே வந்துவிடும். நாலு வயதுக் கிரேஹவுண்ட் முதல்முதலாகக் கண்ணாடிக் கதவைப் பார்க்கும்போது அது கதவு என்று தெரியாமல் அப்படியே போய் முட்டும். கண்ணாடியில் நாயின் கண் உயரத்தில் டேப் ஒட்டிவையுங்கள். பலகைத் தரையில் கால் வழுக்கும், நடுங்கிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கும். சமையலறை வரைக்கும் மிதியடி விரித்து ஒரு பாதை போட்டுக் கொடுத்தால் அதன் மேலேயே நடந்து பழகிக்கொள்ளும். மாடிப்படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். வாஷிங் மெஷின், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாமே புதுச் சத்தம். எங்களிடம் வந்த ஒரு பெண் நாய் குக்கர் விசிலடிக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் குளியலறையில் நின்றுகொள்ளும். ஒரு மாதம் போல ஆனதும் தலையைக்கூடத் தூக்கவில்லை.

கென்னலில் குறித்த நேரத்துக்கு வெளியே விடுவார்கள். அதனால் வெளியே போய்ச் சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற பழக்கம் பாதி இருக்கும். முதல் வாரங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முற்றத்துக்குக் கூட்டிப்போனால் மீதியும் வந்துவிடும். திட்டவே வேண்டாம், இந்த நாய்கள் அதட்டலில் ஒடுங்கிப்போகிறவை.

தனிமை இன்னொரு பெரிய விஷயம். சுற்றிலும் நாய்களோடு வாழ்ந்தது, தனியாக இருந்ததே கிடையாது. புது நாய் வந்த சந்தோஷத்தில் முதல் வாரம் லீவு போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திங்கட்கிழமை எட்டு மணி நேரம் விட்டுப்போனால் அது கதறும், பக்கத்து யூனிட்காரர் புகார் கொடுப்பார். முதல் நாளிலிருந்தே தபால் பெட்டி வரை போய்விட்டு வாருங்கள். அப்புறம் பத்து நிமிடம், அப்புறம் கடைக்குப் போய்வரும் நேரம். இந்தப் பழக்கம் வராததால் திருப்பி அனுப்பப்பட்ட நல்ல நாய்களைப் பார்த்திருக்கிறேன், மனது தாங்காது. உங்களில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்வது உதவிதான், ஆனால் அந்த நாட்களிலும் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள்.

இப்போது பூனை. கிரேஹவுண்ட், விப்பெட், சலூகி, உங்கள் அப்பாவின் சிப்பிப்பாறை, கன்னி எல்லாமே மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி வேட்டையாடும் குலம். கண்ணில் ஏதாவது ஓடினால் கால் தானாகக் கிளம்பும். பந்தய நாயைக் குட்டிப் பருவத்திலிருந்தே ஓடுகிற பொம்மையின் பின்னால் விரட்டிப் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் எல்லா நாயும் ஒன்றல்ல. பொம்மையைத் துரத்த ஆர்வமே இல்லாததால் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டவையும் உண்டு, பூனையோடு ஒரே சோபாவில் தூங்குகிறவையும் உண்டு. அதனால்தான் தத்துக் கொடுக்கும் அமைப்புகள் பூனைப் பரிசோதனை செய்கின்றன. நாய்க்கு வாய்க்கூடு மாட்டி, கயிற்றில் பிடித்துக்கொண்டு, நாய்க்குப் பழகிய நிதானமான பூனை ஒன்றைத் தூரத்தில் காட்டுவார்கள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், கூப்பிட்டதும் நம்மைப் பார்த்தால், நல்ல அறிகுறி. உடம்பு விறைத்து, இமைக்காமல் பார்த்து, நடுங்கி, தின்பண்டத்தைக்கூடக் கவனிக்காவிட்டால், அந்த நாய் பூனை வீட்டுக்கு வேண்டாம். இதில் சமரசமே கூடாது. 'பழகிக்கொள்ளும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்த நாய்க்குப் பூனையில்லாத வீடு ஒன்று கிடைக்கும்.

பரிசோதனையில் தேறிய நாயாக இருந்தாலும், முதல் சில வாரம் வீட்டுக்குள்ளும் வாய்க்கூடு இருக்கட்டும். பூனை ஏறிக்கொள்ள உயரமான இடமும், நாய் நுழைய முடியாத ஓர் அறையும் வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் இரண்டையும் ஒன்றாக விடவே விடாதீர்கள். இன்னொன்று, வீட்டுக்குள் கூடி வாழும் அதே பூனை முற்றத்தில் குதித்து ஓடினால் நாயின் கண்ணுக்கு அது வேறு பிராணி. வெளியே இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம்.

மகள் விஷயத்தில் ஒரே ஒரு விதி: படுத்திருக்கும் நாயைத் தொடக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அது எழுந்து வந்தால் தடவலாம். கென்னலில் தூங்கும்போது யாரும் வந்து மேலே விழுந்ததில்லை, அதனால் திடுக்கிட்டு உறுமுகிற நாய்கள் இருக்கின்றன. சில நாய் கண்ணைத் திறந்துகொண்டேகூடத் தூங்கும், குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. படுக்கையை நடைபாதையில் போடாமல் ஒரு மூலையில் போடுங்கள். மற்றபடி மனிதர்களிடம் இவ்வளவு சாதுவான பெரிய நாயை நான் பார்த்ததில்லை. பந்தய வாழ்க்கை முழுக்க யார் யாரோ தூக்கி, திருப்பி, காலைப் பிடித்துப் பார்த்துப் பழகியவை. பிடித்துவிட்டால் உங்கள் தொடையில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நிற்கும். ரொம்பச் சந்தோஷமானால் பற்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும், புதியவர்கள் குளிர் என்று நினைத்துவிடுவார்கள். உட்காரச் சொன்னால் பல நாய்கள் உட்காராது, அந்தத் தொடைத் தசைக்கு அது வசதியில்லை. நிற்கும், இல்லாவிட்டால் படுக்கும்.

சிப்பிப்பாறை மாதிரி காவல் காக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அது ஒரு வீட்டோடு, பெரும்பாலும் ஓர் ஆளோடு ஒட்டிக்கொண்டு எல்லையைப் பார்த்துக்கொள்ளும். கிரேஹவுண்ட் வருகிறவர்கள் எல்லாரிடமும் போய்ச் சாயும்.

கயிறு பற்றிச் சட்டமே இருக்கிறது. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வீட்டில் வளர்க்கும் கிரேஹவுண்டுக்குப் பொது இடத்தில் வாய்க்கூடு கட்டாயம் என்ற விதி 2019 ஜனவரி 1 முதல் நீங்கிவிட்டது, ஆனால் கயிறு கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் அவிழ்த்துவிட மாட்டேன். முயலைப் பார்த்துக் கிளம்பிய நாய் உங்கள் குரல் போய்ச் சேர்வதற்குள் சாலையைத் தாண்டியிருக்கும். தலையைவிடக் கழுத்து பருமனாக இருப்பதால் சாதாரணப் பட்டை உருவிக்கொண்டு வந்துவிடும். இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் என்ற அகலப் பட்டையை வாங்குங்கள்.

உடம்பைப் பற்றி உங்கள் கால்நடை மருத்துவருக்கு கிரேஹவுண்ட் பழக்கம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். கொழுப்பு மிகக் குறைவு, சில மயக்க மருந்துகளை இவற்றின் ஈரல் மெதுவாகத்தான் சிதைக்கும். தயோபென்டோன் கொடுத்தால் தெளிய வெகுநேரம் ஆகும், இன்று அதைவிட நல்ல மருந்துகள் இருக்கின்றன. ரத்தப் பரிசோதனையிலும் மற்ற நாய்களைவிடச் சிவப்பணு அதிகமாக, தைராய்டு அளவு குறைவாக இருப்பது இவற்றுக்கு இயல்பு. அது தெரியாதவர் நோயே இல்லாத நாய்க்குத் தைராய்டு மாத்திரை எழுதிவிடக்கூடும். வரும்போதே பற்கள் மோசமாக இருக்கும், சுத்தம் செய்யும் செலவுக்குப் பணம் ஒதுக்கிவையுங்கள். பாதத்தில் ஆணி வரும். தோல் மெல்லியது, வேலிக் கம்பி உரசினால் கிழியும். நடுவயதுக்கு மேல் காரணமில்லாமல் நொண்டினால் சுளுக்கு என்று தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே எடுங்கள், எலும்புப் புற்று இந்த இனத்தில் அதிகம். குளிருக்குக் கோட்டு அவசியம், மெல்போர்ன் ஜூலையில் அது அலங்காரம் அல்ல.

நம் வீடுகளுக்கென்று ஒன்று: மிச்ச சாம்பார் சாதம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுவை அழிக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தயிர் சாதம் தாளிக்காமல் ஒரு கவளம் என்றால் சரி.

வாடகை வீடு என்று தயங்க வேண்டியதில்லை. 2020 மார்ச் முதல் விக்டோரியாவில் வாடகைதாரர் செல்லப்பிராணிக்கு எழுத்தில் அனுமதி கேட்கலாம். மறுக்க வேண்டுமானால் வீட்டுக்காரர் 14 நாளுக்குள் விகேட் (VCAT) என்ற மாநிலத் தீர்ப்பாயத்துக்குப் போயாக வேண்டும், நியாயமான காரணமும் வேண்டும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2015 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி, உயிருள்ள சிறு விலங்குகளைக் கட்டிவைத்து நாய்களைப் பழக்கும் கொடுமையை ஒளிபரப்பியது. அதன்பின் நியூ சவுத் வேல்ஸில் நீதிபதி மைக்கேல் மெக்ஹ்யூ நடத்திய விசாரணை, அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 12 ஆண்டுகளில் 48,000 முதல் 68,000 வரை கிரேஹவுண்டுகள் வேகம் போதாது என்று கொல்லப்பட்டிருக்கலாம் என 2016இல் கணக்கிட்டது. அரசு ஜூலையில் தடையை அறிவித்தது, அக்டோபரிலேயே பின்வாங்கியது. அந்த எண்ணைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நியூசிலாந்து 2024 டிசம்பரில் பந்தயத்தையே முடிக்க முடிவெடுத்தது, டாஸ்மேனியாவும் 2029க்குள் நிறுத்துவதாக அறிவித்தது. பந்தயம் முடியும் இடத்திலெல்லாம் நாய்களுக்கு வீடு தேவைப்படும்.

இத்தனை நாய்க்கு வீடு எங்கே என்று கேட்பவர்களிடம் நான் சீனாவின் மக்காவ் (Macau) நகரத்தைச் சொல்வேன். கேனிட்ரோம் என்ற பந்தயத் திடல் 2018 ஜூலையில் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்ட நாய்கள் அங்கேயே விடப்பட்டன. அவற்றில் பல ஆஸ்திரேலியாவிலிருந்து அங்கே அனுப்பப்பட்டவைதான். அனிமா என்ற உள்ளூர் அமைப்பு வெளிநாட்டு அமைப்புகளோடு சேர்ந்து, அவற்றை விமானத்தில் ஏற்றி ஐரோப்பா, அமெரிக்கா என்று வீடு வீடாகச் சேர்த்தது. உடைந்த கால், கெட்ட பல் எல்லாவற்றோடும்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எங்கிருந்து எடுப்பது? பந்தயத் துறையின் அமைப்பான கிரேஹவுண்ட் ரேசிங் விக்டோரியா 1996 முதல் தத்துத் திட்டம் ஒன்றை நடத்துகிறது, கருத்தடை, மைக்ரோசிப், குணப் பரிசோதனை முடித்துக் கொடுப்பார்கள். பந்தயத் துறையின் பணம் வாங்காத தன்னார்வ அமைப்புகளும் உண்டு, நான் அந்தப் பக்கம்தான். பந்தயக்காரர் கையிலிருந்து நாய் வாங்குவது அவர்களுக்கு உதவுவதாகாதா என்று சிலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், நாய் எந்த வாசல் வழியாக வந்தாலும் வரட்டும், உள்ளே வந்தால் சரி.

உங்கள் நிலைமைக்கு, ஒரு குடும்பம் ஏற்கெனவே தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் நாயைக் கேளுங்கள். பூனை, குழந்தை, தனிமை மூன்றிலும் அது எப்படி என்று அவர்களால் நேரில் பார்த்ததைச் சொல்ல முடியும். படத்தைப் பார்த்து நிறத்துக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். கறுப்பு நாய்களையும் ஆறு ஏழு வயதானவற்றையும் ஒதுக்காதீர்கள், பன்னிரண்டு வயதைத் தாண்டி வாழ்கிறவையும் உண்டு. மனு போடும்போது பூனை இருப்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். பூனையோடு ஒத்துப்போகும் நாய்க்குக் காத்திருப்பு நீளும். அதற்குள் வீட்டுக்காரருக்கான கடிதத்தை அனுப்பிவிட்டு, முற்றத்து வேலியில் ஓட்டை, துருத்திய கம்பி ஏதாவது இருக்கிறதா என்று மண்டியிட்டுப் பாருங்கள்.