பந்தி உபசாரம்: வாசகர் கேள்வி

கேள்வி: பஃபே பழகிய என் பிள்ளைகள் முதன்முறையாக ஊர்க் கல்யாணத்தில் இலை பரிமாறப் போகிறார்கள். என்ன சொல்லித்தர வேண்டும்?
(வாசகி, ஈரோடு)

பதில்: இலையின் குறுகிய நுனி, சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலக்கையால் பிசைய அகலமான பகுதி வலப்பக்கம் கிடைக்கும். அவர் தண்ணீர் தெளித்துத் துடைத்த பிறகே பரிமாறுங்கள். தேங்கிய நீர் மடியில் வழியும்.

உப்பு, ஊறுகாய், காய்கறிகள் மேல்பாதியில், சோறு கீழ்ப்பாதியில். சாம்பார் தீர்ந்ததும் ரசத்தை ஊற்றிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. முதலில் சோறு வையுங்கள், அவர் குழி செய்யட்டும், பிறகு ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ரசம் இலை தாண்டி ஓடும். வாளியைத் தலைக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். "இன்னும் கொஞ்சம்?" என்று ஒருமுறை வற்புறுத்துவது அழகு, இலைமேல் கை மறித்த பிறகும் போடுவது தொல்லை, வீணும்கூட.

வயதானவர்கள் மெல்ல உண்பார்கள். பக்கத்தில் இருப்பவர் அவர்களுக்காகக் காத்திருந்து சேர்ந்து எழுவது மிக நல்ல பழக்கம், அதை விடவே கூடாது. அடுத்த பந்திக்கு இடம்பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்களை, பிள்ளைகளே பணிவாக வெளியே அமர்த்தலாம். சுபநிகழ்ச்சியில் இலையைத் தம் பக்கமாக மடிப்பதே பல ஊர்களில் வழக்கம்.