‘இறுதி இராவுணவு’ ஓவியம் ஏன் அவ்வளவு சீக்கிரம் உதிர்ந்தது?

லியோனார்டோ டா வின்சி 1498 வாக்கில் மிலானில் முடித்த இந்தச் சுவரோவியம், அவர் உயிரோடிருக்கும்போதே கெடத் தொடங்கிவிட்டது. அதே காலத்து ஃப்ரெஸ்கோக்கள் (ஈரக் காரையில் தீட்டும் சுவரோவியங்கள்) நன்றாக இருக்க, இதற்கு மட்டும் என்ன ஆனது என்று கேட்கலாம். இது ஃப்ரெஸ்கோவே அல்ல, அதுதான் காரணம்.

ஃப்ரெஸ்கோவில் சுண்ணாம்புக் காரை ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்ட வேண்டும். பசை தேவையில்லை. காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும்போது நிறத்துகளும் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆனால் சில மணி நேரம்தான் அவகாசம். அதனால் அன்றன்று தீட்டக்கூடிய அளவுக்கே காரை பூசுவார்கள். பிழை வந்தால் கொத்தியெடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

ஒரே முகத்தை நாள்கணக்கில் திருத்துகிற லியோனார்டோவுக்கு இந்த அவசரம் ஒத்துவராது. காய்ந்த சுவரில் ஈயவெள்ளைப் பூச்சு கொடுத்து, மரப்பலகையில் வரைவதுபோல முட்டையும் எண்ணெயும் சேர்ந்த நிறத்தைத் தீட்டினார். அது சுவரோடு கலக்காமல் தோல்போல மேலே நின்றது. ஈரம் ஏறியதும் செதில் செதிலாகக் கழன்றது.

1652-இல் கீழே வாசல் வெட்டியதில் இயேசுவின் பாதங்கள் போனது தனிக் கொடுமை. அதற்கு லியோனார்டோவைக் குறைசொல்ல முடியாது.