குதிரைக்கு ஊசி வைத்தியம்

கேள்வி: என் எட்டு வயதுக் குதிரை முதுகில் கை வைத்தாலே நெளிகிறது. அக்குபங்சர் செய்யலாமா? – வாசகி, கோவை

பதில்: செய்யலாம் அம்மா. ஆனால் முதலில் சேணத்தைப் பாருங்கள். என்னிடம் முதுகுவலியோடு வந்த குதிரைகளில் பலவற்றுக்குச் சேணம்தான் பொருந்தவில்லை.

சீனாவில் குதிரைக்கு ஊசி குத்துவது பழைய வைத்தியம். இடுப்பும் பிட்டமும் சேரும் இடத்தில், முதுகின் நடுக்கோட்டில் விரல் பதியும் பள்ளம்தான் ஊசி குத்தும் 'பாய்ஹுய்' புள்ளி. அங்கே ஊசி இறங்கிய சில நிமிடங்களில் தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, கண் செருகி நின்ற குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். வலி தீரும் என்பதற்கு ஆய்வுச் சான்று இன்னும் வலுவாக இல்லை. அதனால் மற்ற சிகிச்சையோடு சேர்த்தே செய்கிறேன். சினைக்குதிரை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில புள்ளிகளைத் தொடமாட்டோம். வயிறு வலித்துப் புரண்டால் ஊசிக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.