பதினோராவது நாள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் நீடாமங்கலம் பக்கம். மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பள்ளித் தோழர்கள் மூன்று பேர் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்குகிறோம். எங்களில் ஒருவர் சிங்கப்பூரில் குடியுரிமை பெற்று வாழ்கிறார். தமிழ்நாடு முழுவதும் பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது நோக்கம். முதல் கட்டமாக, திருவாரூர் சாலையில் என் பெயரில் இருக்கும் இரண்டு ஏக்கரில் இருபது படுக்கை கொண்ட மருத்துவமனை கட்டப்போகிறோம். தொடக்க விழா அன்று ஆயிரம் பேருக்கு இலவச மருத்துவ முகாம்.

என் தந்தை சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்து, அடுத்த ஆண்டே காலமானார். கால் கட்டைவிரல் இடுக்கில் வந்த சிறிய புண். செருப்பு கடித்திருக்கும் என்று மூன்று வாரம் விட்டுவிட்டோம். அவர் நினைவாகத்தான் இதெல்லாம்.

தை மாதம் நடக்கும் விழாவுக்கு நீங்கள் வந்து குத்துவிளக்கு ஏற்றிவைக்க வேண்டும். எங்கள் திட்டத்தில் குறை தெரிந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

தயங்காமல் சொல்லச் சொன்னீர்கள். அந்த வரிக்காகப் பின்னால் வருந்தமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தந்தையாரைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை வாசித்தேன். கடிதத்தில் கனமான செய்தி அந்த மூன்று வாரம்தான். அந்த மூன்று வாரத்தில் இருபது படுக்கை மருத்துவமனை என்ன செய்திருக்கும்? மருத்துவமனை இல்லாததால் அவர் வீட்டில் இருக்கவில்லை. புண் வலிக்காததால் இருந்தார். சர்க்கரை ஏறிக் கிடந்தால் பாத நரம்பு மரத்துப்போகும். முள் தைத்தாலும் தெரியாது. திண்ணையில் உட்காரவைத்து, அவர் பாதத்தைத் தூக்கி விரலிடுக்கைப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. படுக்கை வேண்டியிருந்தது அதற்கு வெகுநாள் கழித்து.

முகாமைப் பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. அதில் நானும் குற்றவாளி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடந்தது. வாசலில் நின்று டோக்கன் கொடுத்தவன் நான். வாழைமரம் கட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு அக்காள் அறுவடை வேலைக்கு அன்று விடுப்புச் சொல்லிவிட்டு, துவைத்த புடவை உடுத்தி வந்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சீட்டில் சர்க்கரை 312 என்று எழுதினார்கள். பழுப்புக் காகித உறை ஒன்றில் பத்து நாள் மாத்திரை, கூடவே ஒரு தயிர்சாதப் பொட்டலம். படம் எடுத்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் வந்தது.

பதினோராவது நாள் அந்த அக்காள் என்ன செய்தார்? மாத்திரை தீர்ந்தது, ஆகவே நோயும் தீர்ந்தது என்று இருந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காய்ச்சலுக்கு அப்படித்தானே சாப்பிடுகிறோம்? உறையின் மேல் ‘தொடர்ந்து சாப்பிடவும்’ என்று ஒரு வரிகூட இல்லை. நம் ஊரில் பதினோராம் நாள் என்றால் வேறு பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிய பிறகுதான் அந்த 312 மறுபடியும் எங்கள் தெருவில் பேச்சுக்கு வந்தது.

இதில் என்னை உறுத்துவது இதுதான். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் அந்த மண்டபத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அங்கே மாதாமாதம் காசில்லாமல் மாத்திரை தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கிய பிறகு, தன்னார்வலர்களாகச் சேர்ந்த பெண்கள் வீட்டு வாசலுக்கே அதைக் கொண்டுவருகிறார்கள். முகாமில் சர்க்கரை கூடுதலாக இருந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அந்த நிலையத்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தால் போதும். ஒரு சைக்கிள், ஒரு பிற்பகல். பட்டியல் முகாம் நடத்தியவர்களின் காரில் ஏறி அவர்கள் ஊருக்குப் போய்விட்டது. கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நான் டோக்கன் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, முகாம் நடத்தியே தீருவது என்றால், பதினோராவது நாளுக்கான ஆளை முதலில் நியமித்துவிட்டு நடத்துங்கள். ஆயிரம் பேர் வேண்டாம். நூறு பேர் போதும். அந்த நூறு பேரும் ஓராண்டு கழித்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்களா என்பதைத்தான் ஆண்டறிக்கையில் எழுதவேண்டும்.

‘தமிழ்நாடு முழுவதும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மாநிலத்தில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் 1939இலேயே வந்துவிட்டது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்ப 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. தஞ்சாவூரிலும் திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இத்தனைக்கும் பக்கத்தில் மூன்று ஓய்வூதியக்காரர்கள் இன்னொரு கட்டடம் எழுப்பினால், அது ஐந்தாவது ஆண்டில் கல்யாண மண்டபமாகிவிடும். மருத்துவர் சம்பளம், செவிலியர் சம்பளம், மின்கட்டணம், ஆக்சிஜன், மருத்துவக் கழிவு அகற்றும் செலவு எல்லாம் மாதந்தோறும் வரும். நன்கொடை விழாவன்று மட்டும் வரும்.

கட்டடம் கட்டும் ஆசை நம் மண்ணுக்குப் பழையது, புரிந்துகொள்கிறேன். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரிலேயே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது இன்றைக்கும் இயங்குவது மாதச் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டதால். மிராசுதார்களின் வாரிசுகள் நடத்தியிருந்தால் பாகப்பிரிவினையில் பிரசவ வார்டு ஒருவருக்கும் மருந்தகம் ஒருவருக்கும் போயிருக்கும்.

டெல்டாவில் ஓர் அறக்கட்டளை பொதுச் சுகாதாரத்துக்கு உருப்படியாகச் செய்த வேலைக்கு வேறொரு எடுத்துக்காட்டு இருக்கிறது. நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாதது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. கல்லணைக் கால்வாய், நாம் புது ஆறு என்று சொல்வது, அதுவரை வானம் பார்த்துக் கிடந்த பட்டுக்கோட்டைப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோனது. தண்ணீருக்குப் பின்னாலேயே மலேரியாவும் போனது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் 1930களின் பிற்பகுதியில் பட்டுக்கோட்டையில் களநிலையம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்களோடு வேலை பார்த்த டி. ராமச்சந்திர ராவ் பிற்பாடு இந்தியக் கொசுவியலில் பெரிய பெயரானார்.

அவர்கள் செய்தது என்ன தெரியுமா? வயலில் குனிந்து பார்த்தார்கள். நடவு முடிந்த புதிதில் வயல்நீரில் மலேரியாக் கொசுவின் புழுக்கள் மண்டிக் கிடந்தன. பயிர் வளர்ந்து நெருங்கியதும் காணாமல் போயின. நிழலா, தண்ணீரின் குணமா, பயிரின் வாசனையா? வெறும் தண்ணீரில் மூங்கில் குச்சிகளை நெல்பயிர் போல நெருக்கமாக நட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் கொசு முட்டையிடவில்லை. தண்ணீரை ஒட்டிப் பறந்துகொண்டே முட்டையிடும் கொசுவுக்குக் குச்சி இடித்தது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம், குடிசைகளுக்குள் பைரெத்ரம் தெளித்து, சுவரில் ஓய்வெடுக்கும் வளர்ந்த கொசுவைக் கொல்லும் முறையைப் பருவத்துக்குப் பருவம் சோதித்தார்கள். பைரெத்ரம் என்பது செவ்வந்தி இனப் பூ ஒன்றிலிருந்து எடுப்பது. வீட்டுக்குள் மருந்து தெளிக்கும் அந்த வழிதான், மருந்து டி.டி.டி. ஆக மாறிய பிறகு, 1953இல் நாடு முழுக்கத் தொடங்கிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதுகெலும்பானது.

ராக்ஃபெல்லர் பணத்தின் பூர்வீகத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம். பணம் கடலளவு இருந்தும் பட்டுக்கோட்டையில் அவர்கள் ஒரு தாலுகாவில் ஒரு கொசுவின் பின்னால் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். உங்களுக்கு மாநிலம் எதற்கு? நீடாமங்கலம் ஒன்றியம் போதாதா?

சரி, எந்தக் கொசு என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால் பாதம் என்பேன். தந்தையாரின் நினைவுக்கும் அது பொருந்தும்.

கும்பகோணம் என்றாலே ஒரு காலத்தில் வெற்றிலைக்கு அடுத்து யானைக்கால் நோயைச் சொல்வார்கள். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசு பரப்புவது. ஊர் முழுக்க மாத்திரை கொடுத்துப் புதிய தொற்றை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே வீங்கிய கால் மாத்திரையால் வடியாது. நோய் முற்றியவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது. பராமரிப்பையும் சொல்லித் தருகிறது. அதை அன்றாடம் செய்வது அவரவர் பாடு.

என் பெரியம்மாவுக்கு வலது கால் அப்படி. மாலை ஐந்து மணிக்குக் கொல்லையில் முக்காலி போட்டு உட்காருவார். நீல நிற பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், சாதாரணக் குளியல் சோப்பு. முழங்காலில் தொடங்கிக் கீழே வரை மெதுவாகத் தேய்ப்பார். தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் பிரித்துக் கழுவுவார். பிறகு பெரியப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து வைத்த துண்டால் விரலிடுக்குகளை ஒற்றி ஒற்றி உலர்த்துவார். தேய்த்தால் தோல் உரியும் என்று சுகாதாரப் பணியாளர் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். வெடிப்பு இருந்தால் களிம்பு. கடைசியில் முக்காலியின் மேல் காலைத் தூக்கிவைத்துக் கணுக்காலைச் சுழற்றுவார். இருபது நிமிடம். இதைத் தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கு நான்கைந்து முறை குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்து படுத்துவிடுவார். தொடங்கிய பிறகு அது அநேகமாக நின்றுபோனது. கால் சிறுக்கவில்லை. ஆனால் கோயிலுக்கு நடந்து போனார்.

தொட்டி, சோப்பு, துண்டு, களிம்பு, வாரம் ஒருமுறை வந்து பார்க்கும் ஓர் ஆள். சர்க்கரைக்காரரின் பாதத்துக்கும் ஏறக்குறைய இதே சாமான்தான். கூடவே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. குனிய முடியாதவர் உள்ளங்காலைப் பார்ப்பதற்கு. இருபது படுக்கைக்கு ஆகும் பணத்தில் ஒன்றியத்தின் பாதங்களையெல்லாம் எத்தனை ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் சிங்கப்பூர் நண்பரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

இன்னொன்று பாம்புக்கடி. மடை திருப்ப இரவில் வரப்பில் போகிறவர்கள் இருக்கும் ஊர் நம்முடையது. கட்டுவிரியன் தரையில் படுத்துத் தூங்குபவரைக் கடிக்கும். வலி, வீக்கம் பெரிதாக இருக்காது. விடியும்போது இமை சொருகும், பேச்சு குழறும். நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே ஒன்றுதான். ஆகவே பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. நேரத்தைத்தான் மிச்சப்படுத்த வேண்டும். 2024இல் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. ஒவ்வொரு ஊரிலும் இரவில் எழுப்பினால் வண்டி எடுக்கக்கூடிய இரண்டு பேர், நல்ல டார்ச் விளக்குகள், முழங்கால் வரை ரப்பர் காலணி, கொசுவலை. இதுவும் ஓர் அறக்கட்டளைக்குத் தக்க அளவு.

சட்ட விஷயத்தில் நல்ல பட்டயக் கணக்காளரைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த மட்டும்: பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் மட்டும் போதாது, வருமான வரித்துறையிலும் பதிவு வேண்டும். பயனாளிகளில் சாதியோ மதமோ பத்திரத்தில் எட்டிப்பார்த்தால் வரிச்சலுகைக்குச் சிக்கல். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடையாது. உங்கள் தோழர் சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டதால் அவர் பணம் வெளிநாட்டு நன்கொடை. அதற்கான தனி அனுமதி வரும்வரை தொடக்கூடாது. பாசத்தில் வாங்கிவிடாதீர்கள்.

விழாவைப் பற்றி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரம் குவிந்து கிடந்த பழைய துணிகளைப் பார்த்தவன் நான். எங்கெங்கிருந்தோ லாரியில் வந்தவை. எந்த மீனவப் பெண்ணும் உடுத்த முடியாதவை. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். என்ன வேண்டும் என்று ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

குத்துவிளக்கு ஏற்ற நான் வரவில்லை. அந்த இரண்டு ஏக்கரில் வழக்கம்போலச் சம்பா போடுங்கள். அடுத்த மாதம் இரண்டாம் வாரம் மன்னார்குடி வருகிறேன். உங்கள் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியரைப் பார்க்க உங்களோடு வர விருப்பம். யார் வீட்டில் யாருக்குக் காலில் புண் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். காலை எட்டரைக்குள் போய்விடுவோம். அதற்கு மேல் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் கிளம்பிவிடுவார்.